கேமரா போச்சு... முகூர்த்தம் நெருங்குது! முதலில் வாங்க வேண்டியது எது?

வெள்ளத்தில் எல்லாம் இழந்து வெறுங்கையோடு தொடங்கும் போட்டோகிராபருக்கு ஒரு கணக்கு

மளிகைக் கடையில் தண்ணீர் புகுந்தால் மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு போடுவார். மாவு மெஷின் படுத்துவிட்டால் பக்கத்துத் தெரு மெஷினில் அரைத்துக் கொள்ளலாம். ஆனால் கேமரா போன கல்யாண போட்டோகிராபர் என்ன செய்வார்? அவருக்குக் கேமரா என்பது பொருள் அல்ல. அதுதான் கை!

அட்வான்ஸ் வாங்கியாகி விட்டது. பத்திரிகை அடித்தாகி விட்டது. தேதி மாறாது. "கேமரா வர்ற வரைக்கும் தாலியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க" என்று எந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் போய்ச் சொல்வது?

சென்னைக்கு இது புதுக்கதை அல்ல. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் தண்ணீரில். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மிதந்தன. தெரு முனை ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் எங்கே இருக்கும்? தரைத்தளத்தில்தான். கேமரா எங்கே இருக்கும்? மேஜைக்குக் கீழே, பீரோவின் அடித்தட்டில்!

வெள்ளம் மட்டும்தானா? திருட்டு உண்டு. ரெயிலில் மறந்து வைத்த பை உண்டு. தீ உண்டு. வழி எதுவானாலும் முடிவு ஒன்று: பத்து வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது ஒரே நாளில் காலி. மறுபடி முதலிலிருந்து!

<b>முப்பது நாள் தவணை</b>

இதில் ஒரு விசித்திரம். சென்னையை மூழ்கடித்த இந்த இரண்டு மழையும் கார்த்திகையில் வந்தவை. அடுத்து மார்கழி. இந்துக் குடும்பங்களில் கல்யாணம் கிடையாது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும்.

ஆக, மழை நின்றதும் தொழில்காரருக்குக் கிடைப்பது சுமார் முப்பது நாள். இந்த முப்பது நாளில் அவர் எடுக்கும் முடிவு அடுத்த ஐந்து, ஆறு வருஷத்துக்கு அவர் கழுத்தில் தொங்கப் போகிறது. அவசரத்தில் தவறான பெட்டியை வாங்கிவிட்டால் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், வேலை ஓடாது.

<b>நனைந்ததை 'ஆன்' பண்ணாதே!</b>

புதிதாக வாங்குவதற்கு முன் பழையதில் எது தேறும் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரில் கிடந்த கேமராவைத் துடைத்துவிட்டு, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஸ்விட்சைத் தட்டுவார்கள். அதோடு முடிந்தது கதை. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால், பிழைத்திருக்கக்கூடிய போர்டும் கருகிவிடும்.

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அடுத்து கார்டைக் கழற்றுவது. பிறகு நேரே ரிப்பேர்காரரிடம். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது பாட்டி வைத்தியம்; அரிசித் தூசிதான் உள்ளே போகும். வெள்ளத் தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல, சாக்கடை கலந்தது. காய்ந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ரிப்பேர் ஆகி வந்தாலும் அதை முகூர்த்தத்துக்கு முதல் கேமராவாக நம்பக் கூடாது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. கேமரா செத்தாலும் கார்டு பிழைக்கக்கூடும்! மெமரி கார்டுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. நன்றாகக் காய வைத்தால் பெரும்பாலும் படங்களை எடுத்துவிடலாம். போன வாரம் முடிந்த கல்யாணம் அந்தக் கார்டில் இருந்தால், அதுதான் ஸ்டூடியோவிலேயே விலை உயர்ந்த பொருள். கேமராவைக் கடையில் வாங்கலாம். அந்தக் கல்யாணத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நனைந்த ஹார்டு டிஸ்கை மட்டும் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கவே கூடாது. டேட்டா மீட்டுக் கொடுப்பவர்களிடம் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

<b>போனதையே வாங்குவதா?</b>

கையில் பணம் புரண்டதும் தொழில்காரர் மனசு எங்கே போகும்? போன கேமரா எதுவோ அதன் மேலேயே போகும். "அதே செட்டு, அதே மாதிரி!" இது சோகத்தில் எடுக்கும் முடிவு, கணக்கில் எடுக்கும் முடிவு அல்ல.

பழைய செட்டு ஒரே நாளில் திட்டம் போட்டு வாங்கியதா? இல்லை. ஒரு சீசனில் ஒரு லென்ஸ், சித்தப்பா துபாயிலிருந்து கொண்டு வந்தது ஒன்று, நண்பர் தொழிலை விட்டபோது தள்ளிவிட்டது ஒன்று. அதில் பாதி பையை விட்டு வெளியே வந்திருக்காது!

எது உதவியது, எது சும்மா கிடந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றிலும் என்ன லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு வெளிச்சம் என்ற விவரம் உள்ளேயே பதிவாகி இருக்கும். சொந்தக் கம்ப்யூட்டர் போயிருந்தாலும் வாடிக்கையாளரிடம் கொடுத்த பென் டிரைவ் இருக்குமே! நாலு கல்யாணத்திலிருந்து நூறு நூறு படம் எடுத்து எண்ணிப் பார்த்தால் போதும். எந்த லென்ஸ் சோறு போட்டது, எது அழகுக்கு இருந்தது என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியல்தான் புதுக் கடைக்கு வாங்க வேண்டிய பட்டியல்.

இழந்ததை வாங்காதே, வரப்போகும் வேலைக்கு வாங்கு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

<b>பாடி வாடகை வீடு. லென்ஸ் சொந்த வீடு</b>

அந்தக் காலத்து ஸ்டூடியோவில் யாஷிகாவோ ரோலிபிளக்ஸோ ஒன்று இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். தகப்பன் பிடித்த கேமராவிலேயே பிள்ளையும் பிடிப்பான். படம் பதிவது பிலிமில். புதுப் பிலிம் வந்தால் பழைய கேமராவும் புதிதாகிவிடும்.

இன்று பிலிமின் இடத்தில் சென்சார். அது கேமரா பாடிக்குள்ளேயே ஒட்டி இருக்கிறது. அதனால் பாடிக்கு வயசாகிறது. புது மாடல் வந்ததும் விலை விழுகிறது. ஆனால் நல்ல லென்ஸ் அப்படி விழுவதில்லை. இரண்டு, மூன்று பாடி மாறினாலும் லென்ஸ் கூடவே வரும். பாடி வாடகை வீடு மாதிரி. லென்ஸ் சொந்த வீடு மாதிரி.

ஆகவே வெறுங்கையோடு நிற்பவர் முதலில் தேர்ந்தெடுப்பது கேமராவை அல்ல. லென்ஸ் மாட்டும் வாயை. தொழிலில் 'மவுண்ட்' என்பார்கள். நிக்கான் லென்ஸ் கேனானில் மாட்டாது, கேனான் லென்ஸ் சோனியில் நேராக மாட்டாது. எந்த மவுண்ட்டுக்குள் போகிறோமோ, அந்த வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுகிறோம்!

பழைய ஆளுக்கு மவுண்ட் மாற்றுவது கஷ்டம். கையில் நாலு லென்ஸ் இருக்கும், விற்றால் நஷ்டம். ஆனால் எல்லாம் போனவருக்கு அந்தக் கட்டு இல்லை. துக்கத்தில் கிடைத்த சுதந்திரம் என்றால் இது ஒன்றுதான். அதை யோசித்துப் பயன்படுத்த வேண்டும்.

<b>ஒருவழிப் பாதை</b>

இன்றைக்குச் சந்தையில் இரண்டு ஜாதி கேமரா. ஒன்று உள்ளே கண்ணாடி தூக்கி இறங்கும் பழைய டி.எஸ்.எல்.ஆர். இன்னொன்று கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்.

நிக்கான் தனது பழைய எப் மவுண்ட்டை 1959-ல் கொண்டு வந்தது. கேனான் ஈ.எப். மவுண்ட் 1987-ல் வந்தது. 2018-ல் இரண்டு கம்பெனியும் மிரர்லெசுக்குப் புது மவுண்ட் போட்டன: நிக்கானுக்கு இசட், கேனானுக்கு ஆர்.எப். சோனி முன்னதாகவே 2010-ல் ஈ மவுண்ட்டைக் கொண்டு வந்து, 2013-ல் அதில் முழு அளவு சென்சாரையும் வைத்துவிட்டது.

இதில் தொழில்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் ஒன்று உண்டு. பழைய லென்சை 'அடாப்டர்' என்ற வளையம் போட்டுப் புது மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாம். ஆனால் மிரர்லெஸ் லென்சைப் பழைய கேமராவில் மாட்ட முடியாது. ஏன்? நிக்கான் எப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் 46.5 மில்லிமீட்டர் இடைவெளி. இசட் மவுண்ட்டில் வெறும் 16. கேனானில் பழசுக்கு 44, புதுசுக்கு 20. கூடுதல் இடைவெளிக்குச் செய்த லென்சுக்கு நடுவே ஒரு வளையம் வைக்கலாம். குறைவான இடைவெளிக்குச் செய்த லென்சுக்கு இடம் எங்கே? இது ஒருவழிப் பாதை!

இதனால் என்ன லாபம்? பணம் குறைவாக இருப்பவர் இன்று பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடியும் நல்ல லென்சும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். இரண்டு வருஷம் கழித்து மிரர்லெஸ் பாடி மட்டும் வாங்கி, அதே லென்சை அதில் மாட்டிக்கொள்ளலாம். போட்ட பணம் வீணாகாது.

ஒரு எச்சரிக்கை: லென்சுக்குள் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஏ.எப்.-டி லென்சுகள் நிக்கானின் எப்.டி.இசட் அடாப்டரில் மாட்டும். ஆனால் போகஸ் கையால்தான் திருப்ப வேண்டும். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் கையால் போகஸ் திருப்பிக் கொண்டிருக்க முடியுமா? விலை மலிவு என்று இதில் விழக் கூடாது.

பேட்டரி விஷயமும் உண்டு. 2014-ல் வந்த நிக்கான் டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. 2018-ல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். ஆர் மிரர்லெசுக்கு அதே முறையில் 370 படம்தான். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் கூட எடுக்கும் என்றாலும், மிரர்லெஸ் வாங்குபவர் இரண்டு பேட்டரி கூடுதலாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது, மணப்பெண் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் போகஸ். ஓடியாடும் குழந்தைகளை எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

<b>நாலு மடங்கு வெளிச்சம்</b>

கல்யாண மண்டபம் என்பது என்ன? மேடைக்கு முன்னால் நிற்க பத்து, பதினைந்து அடி இடம். ஹோமப் புகை. பின்னால் கலர் கலராக எல்.இ.டி. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை மழை, குறுக்கே பத்துத் தலை. இந்தச் சண்டைக்கு எந்த ஆயுதம்?

கேமராவோடு பெட்டியில் வரும் 'கிட்' லென்ஸ் ஜூம் செய்யும்போது எப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எப் 2.8 லென்ஸ் முழுக்க 2.8-லேயே நிற்கும். காகிதத்தில் சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். உண்மையில் நாலு மடங்கு வெளிச்சம்! கிட் லென்சில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்துப் புள்ளி புள்ளியாகக் கெடும் படத்தை, 2.8 லென்சில் 1600-லேயே சுத்தமாக எடுக்கலாம். மூவாயிரம் ரூபாய் சேலைக்கும் முப்பதாயிரம் ரூபாய் பட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆல்பத்தில் தெரிய வேண்டும் அல்லவா?

ஆகவே முதல் லென்ஸ் எப் 2.8 ஜூம். முழு அளவு சென்சார் என்றால் 24-70 அல்லது 28-75. சின்ன சென்சார் என்றால் 17-50. கேமரா கம்பெனி லென்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. சோனி ஈ மவுண்ட்டுக்கு டாம்ரான் 28-75 எப் 2.8 லென்சை 2018-ல் கொண்டு வந்தது. பழைய டி.எஸ்.எல்.ஆர்.களுக்கு அதே கம்பெனியின் 17-50 எப் 2.8, 2006-லிருந்து இருக்கிறது.

இரண்டாவது லென்ஸ் 50 மில்லிமீட்டர் எப் 1.8. எல்லாக் கம்பெனியிலும் விலை குறைந்த லென்சுகளில் ஒன்று. ஆனால் வெளிச்சத்தை வாரி விழுங்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சின்ன சென்சாரில் இந்த 50, நிக்கான், சோனியில் 75 போலவும் கேனானில் 80 போலவும் நெருங்கிக் காட்டும். முகம் எடுக்கப் பிரமாதம். மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா என்று இருபது பேர் நிற்கும் குரூப்புக்கு ஆகாது. பின்னால் போகப் போகச் சுவர்தான் இடிக்கும்!

தூரத்திலிருந்து இழுக்கும் 70-200? ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் சீசனில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

<b>இரண்டு கார்டு உண்டா?</b>

கல்யாணத்துக்கு ரீ-டேக் கிடையாது. கார்டு ஒன்று மக்கர் செய்தால் என்ன ஆகும்? அதனால்தான் இரண்டு கார்டு போடும் கேமராவை தொழில்காரர்கள் தேடுகிறார்கள். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று போனால் இன்னொன்று.

புது மாடல் என்றாலே இரண்டு கார்டு இருக்கும் என்று நினைப்பது தப்பு. நிக்கான் இசட்6 முதல் மாடலில் ஒரே கார்டு. 2020-ல் வந்த இரண்டாம் மாடலில்தான் இரண்டு. கேனான் ஆர், ஆர்.பி. இரண்டிலும் ஒன்றே. 2020-ல் வந்த ஆர்6-ல் இரண்டு. சோனி ஏ7-ன் மூன்றாம் மாடலில் இரண்டு உண்டு. இரண்டாம் மாடலில் ஒன்று. அதே சமயம் பழைய டி.எஸ்.எல்.ஆர்.களான நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 இரண்டிலும் இரண்டு கார்டு! 'பழசுதானே' என்று ஒதுக்கப்படும் பெட்டிக்குள் தொழிலுக்கு வேண்டியது இருக்கிறது.

பிறந்தநாள், கடைக்குப் பொருள் படம், பாஸ்போர்ட் படம் எடுப்பவருக்கு ஒரு கார்டே தாராளம். வேலையைப் பொறுத்தது எல்லாம்.

<b>மலிவுப் பெட்டியில் ஒளிந்த குழி</b>

பிளாஷ் இல்லாமல் ரிசப்ஷன் கிடையாது. கேமரா கம்பெனி பிளாஷுக்குக் கொடுக்கும் விலையில் சீனத் தயாரிப்பு இரண்டு வாங்கிவிடலாம், தொழிலுக்குப் போதும். ஆனால் கேமரா எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

2018-ல் வந்த கேனான் 1500டி, 3000டி இரண்டிலும் பிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய உலோகப் புள்ளியே கிடையாது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அந்தப் புள்ளி இல்லாததால், சாதாரண மலிவு பிளாஷை மேலே செருகினால் அடிக்கவே அடிக்காது! கேமராவில் மிச்சம் பிடித்த பணத்தைப் பிளாஷில் விட வேண்டி வரும்.

பிளாஷுக்குச் சாதா செல் வேண்டாம். ரீசார்ஜ் செல் இரண்டு செட் இருக்க வேண்டும். ரிசப்ஷன் வரிசை மூன்று மணி நேரம் நகரும்போது, சாதா செல் போகப் போகச் சோர்ந்து, அடுத்த பிளாஷுக்குக் காக்க வைக்கும். மேடையில் நிற்பவர்கள் காத்திருப்பார்களா?

இன்னொன்று: சீரியல் லைட்டும் எல்.இ.டி.யும் கண்ணுக்கு நிலையாகத் தெரியும். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். மிரர்லெசில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். சாதா ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வைத்தால் தொல்லை குறையும். புதுக் கேமராவை முதல் தடவையாக மண்டபத்துக்குக் கொண்டு போவதற்கு முன் வீட்டு விளக்கிலேயே சோதித்துவிட வேண்டும்.

<b>பழைய சரக்கா? டார்ச் லைட் எடு!</b>

ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கேமரா என்றால் கடற்கரை ரெயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் என்பார்கள். இன்று போனிலேயே ஆயிரம் செகண்ட் ஹேண்ட் விளம்பரம். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஆபத்து உண்டு: தண்ணீர் குடித்த கேமராவும் துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வரலாம்! ஒருவர் இழந்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது.

பத்து நிமிஷம் செலவழித்தால் கண்டுபிடிக்கலாம்.

பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். பச்சைக் களிம்பு, துரு இருந்தால் வேண்டாம். அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களில் துரு இருந்தாலும் அப்படியே.

லென்சுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. தொழில்காரர் பாஷையில் 'பங்கஸ்'. சென்னை ஈரக் காற்றில் அது சீக்கிரம் பரவும்.

எப் 16-ல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சென்சாரில் தூசியோ கறையோ இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும்.

ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டி750, 5டி மார்க் 3 இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் ஆயுள் 1½ லட்சம் தடவை. ஒன்றரை லட்சம் ஆனதும் நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. பஸ் டயர் மாதிரி. தேய்ந்ததற்கு ஏற்ப விலை குறைய வேண்டும்.

கடைசியாக, பில்லில் உள்ள நம்பரும் கேமரா அடியில் உள்ள நம்பரும் ஒன்றா? பில் இல்லை என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டுவிட வேண்டும். அது இன்னொரு போட்டோகிராபர் தொலைத்த கையாக இருக்கலாம்!

<b>லட்ச ரூபாய்க்குப் பங்கு</b>

கையில் ஒரு லட்சம் இருந்தால் எப்படிப் பிரிப்பது? இது விலைப்பட்டியல் அல்ல. பங்கு போடும் முறை.

இரண்டு கார்டு போடும் பழைய பாடிக்கு ரூ.45 ஆயிரம். எப் 2.8 ஜூம் லென்சுக்கு ரூ.30 ஆயிரம். 50 எப் 1.8-க்கு ரூ.8 ஆயிரம். பிளாஷும் செல்லும் ரூ.8 ஆயிரம். கார்டு, கூடுதல் பேட்டரி, பை ரூ.6 ஆயிரம். மீதி 3 ஆயிரம், முதல் கல்யாணத்துக்கு இரண்டாவது கேமரா வாடகைக்கு.

லட்சத்தையும் பளபளக்கும் புது பாடியில் கொட்டிவிட்டு, கிட் லென்சோடு மண்டபத்துக்குப் போவதைவிட இது மேல். மாப்பிள்ளை வீட்டார் கேமராவின் மாடலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ஆல்பத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள்.

வாடகைக் கேமராவைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரே கேமராவை நம்பிக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பது தொழில் சட்டம். இரண்டாவது கேமரா சொந்தமாக வரும் வரை வாடகைதான் துணை. பக்கத்து ஸ்டூடியோ அண்ணனிடம் "முகூர்த்தம் இல்லாத நாள் கொடுங்கண்ணே, உங்க வேலைக்கு நான் செகண்ட் கேமரா பிடிக்கிறேன்" என்று உழைப்பை மாற்றிக் கொள்ளலாம். போட்டிக்காரர்தான், ஆனால் மழை அவர் வீட்டையும் விடாது.

<b>பணம் எங்கே?</b>

2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தில் சிறு தொழிலுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் தர வழி உண்டு. ரூ.50 ஆயிரம் வரை 'சிசு', அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை 'கிஷோர்'. கடையின் பெயரில் வங்கிக் கணக்கும் வரவு செலவும் காட்டத் தெரிந்தவருக்கு வேலை சுலபம். எல்லாம் ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் செலவழித்தவருக்கு வங்கிப் படி ஏறுவது கஷ்டம்.

'வட்டியில்லாத் தவணை' என்று கடைக்காரர் சொன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? தவணைக்குத் தனிக் கட்டணம் உண்டா? இரண்டையும் கூட்டினால் வட்டி தானாக வெளியே வந்துவிடும்!

இன்சூரன்ஸ் போட்டிருந்தால் நனைந்த கேமராவைத் தூக்கி எறியக் கூடாது. சர்வேயர் வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்க வேண்டும். கடை மூழ்கிய படம், கேமரா நம்பர், பில் மூன்றும் வேண்டும். பில் நனைந்து போயிருந்தால், பல கேமராக்கள் எடுத்த படத்துக்குள்ளேயே தன் நம்பரையும் எழுதி வைத்திருக்கும். பழைய படத்திலிருந்து எடுக்கலாம். திருட்டு என்றால் போலீசில் புகார் கொடுத்த ரசீது அவசியம்.

பலர் செய்யும் தப்பு, பிரீமியம் குறையட்டும் என்று பாதி மதிப்புக்கு இன்சூர் செய்வது. ரூ.4 லட்சம் சாமானை ரூ.2 லட்சத்துக்கு இன்சூர் செய்து ரூ.1 லட்சம் நஷ்டம் வந்தால், பல பாலிசிகளில் கிடைப்பது ரூ.50 ஆயிரம்தான். "ரெண்டு லட்சத்துக்கு உள்ளேதானே கேக்கறேன்" என்று சண்டை போட்டுப் பயனில்லை. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: கடையில் இருக்கும்போது மட்டுமா, மண்டபத்துக்குக் கொண்டு போகும்போதும் உண்டா?

<b>அடுத்த மழைக்கு முன்</b>

புதுச் செட்டு வந்தாகிவிட்டது. அதை எங்கே வைப்பது? பழையபடி மேஜைக்குக் கீழேயா?

தலைக்கு மேல் உயரத்தில் ஒரு தட்டு. அதில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரம் காட்டும் சின்ன மீட்டரும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் பங்கஸ் எட்டிப் பார்க்காது. தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பங்கசுக்கு விருந்து வைப்பது.

படங்களுக்கு மூன்று பிரதி. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் அடுத்த அறை அல்ல. அடையாற்றங்கரையில் கடை வைத்திருப்பவரின் மூன்றாவது பிரதி, மேட்டுப் பகுதியில் மாடியில் குடியிருக்கும் மச்சான் வீட்டில் இருக்கட்டும்!

எல்லா பில்லையும் நம்பரையும் போனில் படம் பிடித்து ஈமெயிலில் போட்டு வைக்க ஐந்து நிமிஷம் போதும். ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடிப்பவர், சொந்தச் சாமானைப் படம் பிடிக்க மறந்துவிடுகிறார்.

கேமரா போனால் வாங்கலாம். லென்ஸ் போனால் வாங்கலாம். பத்து வருஷம் மண்டபத்தில் நின்று பழகிய கண்ணை எந்த வெள்ளமும் கொண்டு போகவில்லை. தை மாதம் மேளம் கொட்டும்போது அந்தக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டியது விலை உயர்ந்த கேமரா அல்ல. வேலைக்குப் பொருந்திய கேமரா!